ஸ்பானகோபிட்டா: அடி ஊறிப்போகுது, மேல கருகுது, எங்க தப்பு?

வேலந்தாவளம்_வடக்கு:

கிரேக்கத்துக் கீரை பை (pie), ஸ்பானகோபிட்டா, வீட்ல சரியா வரமாட்டேங்குது. தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க. செஞ்ச முறையை அப்படியே எழுதிடறேன்.

கீரை 4 கட்டு, கொழிஞ்சாம்பாறை கடையில பசலைன்னு கேட்டு வாங்கினது. கொதிக்கிற தண்ணியில 3 நிமிஷம் போட்டு, வடிச்சு, கையால பிழிஞ்சாச்சு. பனீர் 200 கிராம் துருவினது, முட்டை 3, பெரிய வெங்காயம் 1 பச்சையா நறுக்கினது, உப்பு, மிளகு. ஃபீலோ, அதாவது மெலிசான மைதாத் தாள், உறைஞ்ச பாக்கெட். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அரை மணி நேரத்துல பிரிச்சாச்சு. சதுரக் கண்ணாடிப் பாத்திரம். ஓடிஜியில (பேக் பண்ற மின் அடுப்பு) மேல்கம்பி, கீழ்கம்பி ரெண்டும் போட்டு, நடுத்தட்டுல 200 டிகிரி, 30 நிமிஷம்.

வந்தது இப்படி: தாள் மடிப்புல எல்லாம் உடைஞ்சது. மேல்தாள் கருகல், அடித்தாள் களி. உள்ள இருக்கிற கீரை வழவழன்னு இருக்கு. உப்பு, புளிப்பு எதுவும் நிக்கல, சப்புன்னு இருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். செய்முறையில பனீர் இல்லை, ஃபெட்டா சீஸ்தான்; அதுக்காக ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூர் போக முடியாது, பதிலுக்கு என்ன செய்யலாம்? டில் இலைன்னு எல்லாச் செய்முறையிலும் இருக்கு, அது நம்ம பக்கம் என்ன பேர்ல கிடைக்கும்?

பாலக்காடு_அடுமனை:

முதல்ல கீரையைப் பேசிடலாம். உங்க சிக்கல்ல பாதி அங்கதான் இருக்கு.

ஸ்பினாச்சுக்கு எல்லாரும் பசலைன்னு மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க. அதை நம்பி வாங்கினா பை கெட்டுப்போகும். நம்ம பசலை ஒரு கொடி. மலையாளத்துல வள்ளிச்சீரன்னு சொல்றாங்களே, அதேதான். இலையை உடைச்சா விரல்ல கோழை மாதிரி நூல் இழுக்கும். அந்தக் கோழை வேகவெச்சாலும் போகாது, பிழிஞ்சாலும் போகாது. பருப்போட கடைஞ்சா அது ருசி. ஃபீலோவுக்குள்ள போனா வழவழப்பு. நீங்க கேட்டு வாங்க வேண்டியது பாலக்கீரை.

பாலக்கும் கிரேக்கத்து ஸ்பினாச்சும் ஒண்ணு இல்லைன்னு யாராவது சொல்லுவாங்க. உண்மைதான், நம்ம சந்தையில வர்ற பாலக் பெரும்பாலும் பீட்ரூட் இனம். அதுல குறை ஒண்ணும் இல்லை. கிரேக்கத்துலயே அதே இனத்துச் செஸ்குலாக் கீரையைப் பையில போடற வழக்கம் உண்டு. காட்டுக்கீரை, வயல்கீரை நாலஞ்சு கலந்து செய்யற பைக்கு ஹோர்த்தோபிட்டான்னு தனிப் பேரே இருக்கு. அதனால பாலக்கோட பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை கொஞ்சம் சேர்க்கலாம். சிவப்புக் கீரை மட்டும் வேண்டாம், சாயம் இறங்கி சீஸ் எல்லாம் ரோஸ் நிறம் ஆயிடும்.

30க்கு 20 சென்டிமீட்டர் தட்டுக்குத் தண்டு கிள்ளின இலை 1 கிலோ வேணும். கட்டுக்கணக்கு பார்க்காதீங்க, கட்டு கடைக்குக் கடை மாறும். தராசுல வையுங்க.

தண்ணியில போட்டு அவிக்கவே கூடாது. இலையில ஏற்கெனவே இருக்கிற தண்ணியை வெளிய எடுக்கத்தான் பாடுபடறோம், அவிச்சா இன்னும் ஏத்தறோம். அலசி, நல்லா வடியவிட்டு, விரலகலத்துக்கு நறுக்கி, 10 கிராம் கல்லுப்புப் பொடி தூவிப் பிசறி அரை மணி நேரம் வையுங்க. இலை துவண்டு அடியில பச்சைத் தண்ணி நிக்கும். அப்புறம் வெள்ளை மல் துணியில கொஞ்சம் கொஞ்சமா எடுத்து முறுக்கிப் பிழியணும். ஒரே உருண்டையா மொத்தத்தையும் பிழிஞ்சா நடுவுல ஈரம் தங்கிடும். ஒரு தடவைக்கு ஆரஞ்சுப்பழம் அளவு போதும். பிழிஞ்ச உருண்டையில உங்க விரல் தடம் அப்படியே நிக்கணும், பிரிச்சா ஈரப் புட்டுப்பொடி மாதிரி உதிரணும். அதை மறுபடி உள்ளங்கையில வெச்சு அமுக்கும்போது ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் இன்னொரு முறை துணிக்குப் போகணும். இந்த வேலைக்கு 15 நிமிஷம் ஆகும். இதைச் சுருக்கினா பின்னாடி எந்த வித்தை செஞ்சாலும் அடித்தாள் மொறுமொறுப்பு வராது.

வெங்காயத்தைப் பச்சையா போட்டதும் தப்பு. வேகும்போது அது விடற தண்ணி நேரா அடிக்குத்தான் போகும். பெரிய வெங்காயம் 1, வெங்காயத்தாள் 8 தண்டு, ரெண்டையும் 3 மேசைக்கரண்டி எண்ணெயில நிறம் மாறாம 10 நிமிஷம் வதக்குங்க. அதுலயே பிழிஞ்ச கீரையைப் போட்டு 4, 5 நிமிஷம் கிளறி, தட்டுல பரப்பி முழுசா ஆறவிடுங்க. சூட்டோட சீஸும் முட்டையும் போட்டா சீஸ் கசியும், முட்டை அங்கேயே திரியும். ஆறினதும் சீஸ் 250 கிராம், முட்டை 2, மிளகு, சிட்டிகை ஜாதிக்காய்த்தூள். 3 முட்டை அதிகம், ஆம்லெட் மாதிரி கெட்டியாயிடும். கடைசியா ரவை 2 மேசைக்கரண்டி. மிச்சம் மீதி ஈரத்தை அது குடிச்சுக்கும், கிரேக்க வீடுகள்ல அரிசியோ உடைச்ச கோதுமையோ தூவறதும் இதுக்குத்தான். தனி உப்பு வேண்டாம், கீரையில தங்கினதும் சீஸ்ல இருக்கிறதும் போதும்.

இப்ப ஃபீலோ. அந்தச் சொல்லுக்கே கிரேக்கத்துல இலைன்னுதான் அர்த்தம், அவ்வளவு மெலிசு. பாக்கெட் ஃப்ரீசர்ல இருந்து கீழ் ஃப்ரிட்ஜுக்கு முந்தின நாள் ராத்திரியே இறங்கணும். செய்யறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி, பிரிக்காம, வெளிய எடுத்து வைக்கணும். உள்ள இன்னும் உறைஞ்சிருக்கும்போது விரிச்சா மடிப்புல நொறுங்கும், உங்களுக்கு நடந்தது அதுதான். அவசரப்பட்டு வெயில்ல வெச்சா மேல்பக்கம் வேர்த்து, தாள்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்.

விரிச்ச பிறகு எதிரி காத்து. மார்கழி, தை மாசத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற வறண்ட காத்துல 2, 3 நிமிஷத்துல தாள் அப்பளமா ஆயிடும். ஃபேனை நிறுத்தி, கிழக்கு ஜன்னலைச் சாத்திட்டுத்தான் பாக்கெட்டைத் தொடணும். தாள் மேல முதல்ல ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல பிழிஞ்ச ஈரத்துணி. ஈரத்துணியை நேரா தாள் மேல போட்டா பசையாயிடும். ஆடியில தலைகீழ், அப்போ ஈரத்துணியே வேண்டாம், பிளாஸ்டிக் ஷீட் மட்டும் போதும்.

அடியில 7 தாள், மேல 6 தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய், மொத்தம் 100 மில்லிக்குள்ள முடியும். பிரஷ்ஷால அழுத்தித் தேய்க்காதீங்க, கிழியும். தெளிச்சு, ஓரத்துல இருந்து மெல்ல இழுத்துவிடுங்க, ஓரம்தான் முதல்ல காயும். ஆலிவ் எண்ணெய்தான் முறை. விலை கட்டலைன்னா பாதிக்குப் பாதி சூரியகாந்தி எண்ணெய். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வாசனையில பையையே விழுங்கிடும். வெண்ணெய் போடறதா இருந்தா உருக்கி, மேல தெளிஞ்சதை மட்டும் எடுங்க. வெண்ணெயில கிட்டத்தட்ட 16 சதவீதம் தண்ணி, அதை அப்படியே தடவினா தாள் ஊறும்.

தட்டை அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி மேல் 6 தாளை மட்டும் கூர்கத்தியால 12 சதுரமா கீறுங்க. அடிவரைக்கும் போகக் கூடாது. கீறல் வழியா ஆவி வெளிய போகும், வெந்த பிறகு வெட்டினா நொறுங்கற மேல்தாளும் தப்பிக்கும். அப்புறம் விரல் நனைச்சு மேல நாலஞ்சு துளி தண்ணி தெளியுங்க. தாள் சுருண்டு எழும்பாம இருக்கும்.

அடுப்பு விஷயம்: கண்ணாடி மெதுவா சூடேறும். அடித்தாளுக்குச் சூடு போய்ச் சேர்றதுக்குள்ள மேல் கருகிடும். மெல்லிய அலுமினியத் தட்டு அல்லது இரும்புத் தட்டு எடுங்க. 180 டிகிரியில 15 நிமிஷம் முன்சூடு. தட்டு கீழ்த்தட்டுல. முதல் 25 நிமிஷம் கீழ்கம்பி மட்டும், அப்புறம் ரெண்டு கம்பியும் 25 முதல் 30 நிமிஷம். தட்டைப் பிடிச்சு லேசா ஆட்டினா பை ஒரே பலகையா நகரணும். ஒட்டிக்கிட்டு அசையாம இருந்தா அடி இன்னும் ஆகலை. மேல் நிறம் முந்திக்கிட்டா அலுமினியத் தாள் போட்டு மூடிட்டு அடியை வேகவிடுங்க.

எடுத்த பிறகு மூடி போடாதீங்க. 20 நிமிஷம் கம்பி வலை மேல ஆறட்டும்.

பால்_தயிர்_பனீர்:

அடுமனை அண்ணா சொன்னதுக்கு மேல கீரையில சேர்க்க ஒண்ணும் இல்லை. சீஸுக்கு வர்றேன்.

2002ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல ஃபெட்டாங்கிற பேருக்குப் புவிசார் காப்பு உண்டு. செம்மறிப்பால் குறைஞ்சது 70 சதவீதம், மிச்சம் வெள்ளாட்டுப்பால், உப்புத்தண்ணியில ஊறவெச்சு மொத்தம் 2 மாசமாவது முதிரணும். பசும்பால்ல செஞ்சு ஃபெட்டான்னு எழுதி விக்கிறது அந்த வகையைப் பார்த்துச் செஞ்சது. பைக்கு அது தாராளமா போதும்.

பனீரை அப்படியே போட்டதாலதான் உங்களுக்குச் சப்புன்னு இருந்தது. பனீர்ல உப்பு இல்லை, புளிப்பும் முதிரலை. மேல உப்பைத் தூவினா கீரை உப்பாகும், பனீர் சப்பையாவே இருக்கும். உப்பு பனீருக்கு உள்ள போகணும். அதுக்கு நாள் வேணும்.

பசும்பால் 2 லிட்டர் எடுங்க. எருமைப்பால் பனீர் இறுக்கம், பல்லுல ரப்பர் மாதிரி நிக்கும். பசும்பால் பனீர் உதிரும், நமக்கு வேண்டியது அந்த உதிர்வு. ஆட்டுப்பால் கிடைச்சா அரை லிட்டர் கலந்துக்கோங்க, ஃபெட்டாவோட அந்தக் காரமான மணம் அதுல இருந்துதான் வருது. கொதி வந்ததும் இறக்கி 5 நிமிஷம் விட்டு, எலுமிச்சைக்குப் பதிலா நல்லாப் புளிச்ச தயிர் 300 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தித் திரிக்கணும். பச்சைத்தண்ணி தெளிஞ்சு பிரியறதோட நிறுத்துங்க. துணியில கட்டி, 2 கிலோ கனம் வெச்சு 2 மணி நேரம். வடிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க.

3 சென்டிமீட்டர் துண்டுகளா வெட்டி, எல்லாப் பக்கமும் உப்பு தடவி, ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி. மறுநாள் கசிஞ்ச தண்ணியைக் கொட்டிட்டு, எடுத்துவெச்ச வடிதண்ணி 500 மில்லியைக் கொதிக்கவிட்டு, 35 கிராம் உப்பு கரைச்சு, நல்லா ஆறினதும் வினிகர் 1 மேசைக்கரண்டி சேர்த்து, கண்ணாடி ஜாடியில துண்டுகள் முழுசா மூழ்கற மாதிரி ஊத்துங்க. ஃப்ரிட்ஜ்ல 4 நாள்.

இதுல ரெண்டு இடத்துல தப்பு நடக்கும். ஒண்ணு, வடிதண்ணிக்குப் பதிலா குழாய்த்தண்ணியில உப்பு கரைக்கிறது. வெறும் தண்ணி பனீர்ல இருக்கிற சுண்ணாம்புச்சத்தை வெளிய இழுக்கும், மேல்தோல் கொழகொழன்னு ஆகும். வடிதண்ணியில அந்தச் சத்தும் புளிப்பும் ஏற்கெனவே இருக்கிறதால இழுக்காது. ரெண்டாவது, துண்டு மிதக்கிறது. வெளிய நீட்டிட்டு இருக்கிற மூலையில பூசணம் பிடிக்கும், மேல ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவுத்து அமுக்கிடுங்க.

பைக்கு எடுக்கும்போது ஒரு துண்டு கடிச்சுப் பாருங்க. உப்பு அதிகம்னா 10 நிமிஷம் நல்ல தண்ணியில போட்டு எடுங்க. துருவக் கூடாது, துருவினா மாவாகிக் கீரையில காணாம போயிடும். விரலால கடலைப்பருப்பு அளவுல இருந்து சுண்டைக்காய் அளவுவரைக்கும் உதிருங்க. 200 கிராம் உதிர்த்த பனீருக்கு, துணியில 6 மணி நேரம் தொங்கவிட்ட தயிர் 60 கிராம். தயிர் அரைச்ச சந்தனம் மாதிரி இருக்கணும், தளர்ந்திருந்தா சேர்க்கவே சேர்க்காதீங்க.

மொசரெல்லாவும் டப்பா சீஸும் வேண்டாம். ரெண்டும் உருகி நெய் கக்கும். ஃபெட்டாவும் பனீரும் உருகாம துண்டாவே நிக்கும், கீரைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா தெரியணும்.

வேலந்தாவளம்_வடக்கு:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பசலைன்னு கேட்டதே தப்புன்னு இப்பத்தான் புரியுது. முட்டை சாப்பிடாதவங்களுக்குச் செய்யும்போது 2 முட்டைக்குப் பதிலா என்ன? ஃபீலோவையே வீட்ல தேய்க்க முடியுமா? டில் இன்னும் பாக்கி.

குப்பம்_கிழக்கு:

டில்லுக்குத் தமிழ்ல சதகுப்பைக் கீரை. நாட்டு மருந்துக் கடையில சதகுப்பைன்னு விக்கிறது இதோட விதை. கீரையா வேணும்னா கன்னடத்துல சப்சிகே சொப்புன்னு கேக்கணும். எங்க பக்கம் மூணு மாநிலமும் கூடற இடம், பெங்களூரு போற வர்ற யார்கிட்ட சொன்னாலும் ஒரு கட்டு கைக்கு வந்துடும். பாலக்காட்டுப் பக்கம் அது சுலபம் இல்லை. நல்ல வழி, புது விதையாப் பார்த்து வாங்கித் தொட்டியில தூவறது. பழைய விதை முளைக்காது. 6 வாரத்துல கிள்ளற அளவுக்கு வளர்ந்துடும். சித்திரை வெயில்ல சீக்கிரம் பூத்துடும், ஐப்பசிக்கு மேல போட்டா நிதானமா இலை தரும்.

பைக்கு 30 கிராம் இலை, தடித்த தண்டு நீக்கி, பொடியா நறுக்கிக் கடைசியில சேர்க்கணும், வதக்கக் கூடாது. கிடைக்கவே இல்லைன்னா விதை அரை டீஸ்பூன் வெறும் வாணலியில வறுத்துப் பொடிச்சு, கூட புதினா 10 இலை. கொத்தமல்லி வேண்டாம். அது வந்தா இது சமோசா ஆயிடும்.

முட்டை இல்லாம செய்யறது கிரேக்கத்துல புதுசு இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலத்துல முட்டை, பால், சீஸ் எதுவும் இல்லாமலே இந்தப் பை செய்வாங்க. கீரை, வெங்காயத்தாள், சதகுப்பை, ஆலிவ் எண்ணெய், ஒரு பிடி அரிசி, அவ்வளவுதான். உங்களுக்கு சீஸ் ஆகும்ங்கிறதால முட்டையை மட்டும் விட்டுட்டு ரவையை 2 கரண்டியில இருந்து 4 ஆக்குங்க, தொங்கவிட்ட தயிரை 100 கிராம் ஆக்குங்க. கலந்து 15 நிமிஷம் விட்டா ரவை ஊறிப் பிடிச்சுக்கும். துண்டு கொஞ்சம் உதிரும்தான், ஆனா ருசி குறையாது. முட்டை இல்லாத பையில கீரையோட வாசனை இன்னும் தெளிவா வரும்கிறது என் கருத்து.

வீட்டு ஃபீலோ. கடைத்தாள் மாதிரி காகித மெலிசுக்கு ஆசைப்படாதீங்க, அது மெஷின் வேலை. கிராமத்து ஃபீலோன்னு ஒரு வகை இருக்கு. கொஞ்சம் தடிமன், கடிச்சா மேல நொறுங்கி உள்ள மெத்துன்னு இருக்கும். கிரேக்கத்துல எப்பிரஸ் மலைப்பகுதியில பை செய்யற முறை அது. எனக்குக் கடைத்தாளைவிட அதுதான் பிடிக்கும்.

30 சென்டிமீட்டர் வட்டத்தட்டுக்கு மைதா 400 கிராம், உப்பு 6 கிராம், ஆலிவ் எண்ணெய் 45 மில்லி, வினிகர் 1 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணி 190 மில்லி. தண்ணியை ஒரேயடியா ஊத்தாதீங்க, 20 மில்லி கையில வெச்சுக்கோங்க. மைதா கடைக்குக் கடை வேற மாதிரி குடிக்கும். 10 நிமிஷம் பிசைஞ்சா காதுமடல் மாதிரி மெத்துன்னு வரணும். பரோட்டா மாவு கைல ஒட்டற அளவுக்கு இளகலா இருக்கும், இது அதைவிட ஒரு படி கெட்டி. வினிகர் எதுக்குன்னா மாவு முரண்டு பிடிக்காம இழுபடறதுக்கு. அது இல்லாம தேய்ச்சா விரிஞ்சது திரும்பச் சுருங்கும்.

7 உருண்டை. அடிக்கு 4, மேலுக்கு 3. எண்ணெய் தடவி, மூடி, 1 மணி நேரம். இந்த ஓய்வைக் குறைக்க வேண்டாம், பரோட்டா மாஸ்டர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க.

தேய்க்க நம்ம குட்டைக் குழவி உதவாது. கிரேக்கத்துல ப்ளாஸ்டிஸ்னு நீளமான மெல்லிய கோல் வெச்சிருப்பாங்க. தச்சர்கிட்ட 60 சென்டிமீட்டர் நீளம், விரல் தடிமன்ல, நேரான கோல் ஒண்ணு சொல்லி, உப்புத்தாள் போட்டு வாங்கிக்கோங்க. வார்னிஷ் அடிக்க விடாதீங்க. தூவறதுக்கு மைதா இல்லை, சோளமாவு (கார்ன்ஃப்ளவர்). மைதா தூவினா மாவு அதைக் குடிச்சு இறுகிடும், சோளமாவு மேலேயே நிக்கும்.

உருண்டையை முதல்ல சப்பாத்தி அளவுக்குத் தேய்ங்க. சோளமாவு தூவி, வட்டத்தோட ஓரத்தைக் கோல்ல சுத்துங்க, பாய் சுருட்டற மாதிரி. கோல்ல சுத்தின நிலையிலேயே ரெண்டு உள்ளங்கையையும் நடுவுல வெச்சு, முன்னும் பின்னும் உருட்டிக்கிட்டே கைகளை வெளிப்பக்கமா நகர்த்துங்க. பிரிச்சு, கால் வட்டம் திருப்பி, மறுபடி சுத்தி மறுபடி உருட்டுங்க. நாலஞ்சு முறையில தாள் தட்டைத் தாண்டி விரியும். கீழ கை வெச்சா உள்ளங்கை ரேகை மங்கலா தெரியணும், அதுவே போதுமான மெலிசு. நடுவுல தடிச்சு ஓரம் மெலிஞ்சா கை அழுத்தம் நடுவுல போதலைன்னு அர்த்தம்.

அடியில முதல் தாள் மட்டும் தட்டுக்கு வெளிய 4 சென்டிமீட்டர் தொங்கணும். கடைசியில மேல்தாளோட சேர்த்து அதைக் கயிறு மாதிரி முறுக்கி ஓரம் கட்டுங்க. தாளுக்குத் தாள் எண்ணெய். 190 டிகிரி, கீழ்த்தட்டு, 55 நிமிஷம்.

கொல்லங்கோடு_தெற்கு:

ஓடிஜி இல்லாதவங்களுக்கு வழி உண்டா? சமோசா பட்டித்தாள் வெச்சுச் செய்யலாமா?

பாலக்காடு_அடுமனை:

பட்டித்தாள்ல முக்கோணம் செய்யலாம், ஆனா அது ஃபீலோ மாதிரி அடுக்கு விடாது. பட்டித்தாள் ஏற்கெனவே பாதி வெந்தது, எண்ணெயில பொரிச்சாத்தான் மொறுமொறுப்பு. ஓடிஜியில சுட்டா தோல் மாதிரி இழுக்கும்.

ஓடிஜி இல்லைன்னா குப்பம்காரர் சொன்ன கிராமத்து ஃபீலோ மாவுதான் சரியான வழி. அதை ஒத்தை மடிப்பா செஞ்சு வாணலியில சுடற பை கிரேக்கத்துலயே உண்டு. ஸ்கோபெலோஸ் தீவுல சீஸை நீளமா உருட்டிச் சுருளா சுத்தி எண்ணெயில பொரிக்கிறாங்க. வீட்ல சுலபம் இது: சப்பாத்தியைவிடப் பெரிசா, மெலிசா தேய்ச்ச தாள்ல எண்ணெய் தடவி, நடுவுல கீரைக்கலவை 4 மேசைக்கரண்டி பரப்பி, நாலு பக்கமும் உள்ள மடிச்சுக் கவர் மாதிரி மூடுங்க. இரும்பு தோசைக்கல்லுல எண்ணெய் 1 கரண்டி, சின்னத் தீ, மடிப்பு கீழ இருக்கிற மாதிரி போட்டு ஒரு பக்கத்துக்கு 6, 7 நிமிஷம். மூடி போடாதீங்க, ஆவி தங்கி மேல்பக்கம் அவிஞ்சிடும். இதுல முட்டையைவிட ரவை நல்லது, உள்ளே முட்டை வேகறதுக்குள்ள வெளிய கருகும்.

ஃபீலோ முக்கோணத்துக்கு: தாளை 8 சென்டிமீட்டர் அகல நாடாவா வெட்டி, எண்ணெய் தடவின ரெண்டு நாடாவை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு, நுனியில 1 மேசைக்கரண்டி கலவை. சமோசா மடிப்பேதான், ஆனா இறுக்கக் கூடாது. சூட்டுல கலவை உப்பும், இடம் இல்லைன்னா மூலை வெடிக்கும். 190 டிகிரியில 20 முதல் 25 நிமிஷம்.

வேலந்தாவளம்_வடக்கு:

முந்தின நாளே செஞ்சு வைக்கலாமா? மழைக்காலத்துல சாயங்காலத்துக்குள்ள மொறுமொறுப்பு போயிடுது.

குப்பம்_கிழக்கு:

சுடாம வைக்கலாம், சுட்டு வைக்காதீங்க. முக்கோணமா இருந்தா தட்டுல ஒட்டாம பரப்பி ஃப்ரீசர்ல உறையவெச்சு, அப்புறம் டப்பாவுக்கு மாத்துங்க. ஒரு மாசம் தாங்கும். முழுத்தட்டுப் பையானா கீறல் போட்டு, எண்ணெய் தடவி, இறுக்கமா சுத்தி உறையவைக்கலாம். எதையும் உருகவிடாம, ஃப்ரீசர்ல இருந்து நேரா சூடான அடுப்புக்குத்தான் போகணும். வெளிய வெச்சு உருகவிட்டா அந்தத் தண்ணி முழுக்க அடித்தாளுக்குத்தான் இறங்கும். முக்கோணத்துக்கு 8 நிமிஷம், முழுப் பைக்கு 20 நிமிஷம் கூடுதல்.

கலவையை மட்டும் தனியா ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வெச்சிருந்தீங்கன்னா காலையில கிண்ணத்தைச் சாய்ச்சுப் பாருங்க. ஓரத்துல தண்ணி நின்னா வடிச்சுட்டு, ரவை இன்னும் 1 கரண்டி போட்டு, கால் மணி நேரம் கழிச்சு அடுக்குங்க.

பால்_தயிர்_பனீர்:

சுட்டது மிஞ்சி நமுத்துப்போனா மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, தாள் ரப்பர் ஆயிடும். 160 டிகிரியில கீழ்கம்பி மட்டும் 10 நிமிஷம், தட்டு இல்லாம நேரா கம்பி வலை மேல. ஓடிஜி இல்லாத வீட்ல காஞ்ச தோசைக்கல்லு, எண்ணெய் விடாம, அடிப்பக்கம் மட்டும் 5 நிமிஷம்.